எம்பிஏ படிக்கிறவர்கள் உண்மையில் எதற்காகப் படிக்கிறார்கள்?

நிர்வாகம் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசை மட்டுமே காரணமாக எம்பிஏவுக்கு வந்தவர்களை நான் மிகக் குறைவாகத்தான் பார்த்திருக்கிறேன். இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து வெளியே வருவதற்காகத்தான் பெரும்பாலானவர்கள் வருகிறார்கள். சென்னையில் ஐடி வேலை பார்த்துவிட்டு ஐஐஎம் (இந்திய மேலாண்மைக் கழகம்) ஒன்றில் எம்பிஏ படித்தவன் நான். அதில் சேர்வதற்கான கேட் (CAT) நுழைவுத் தேர்வு எழுதிவிட்டு இன்டர்வியூவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளுக்குச் சில வருடங்களாக மாதிரி இன்டர்வியூ நடத்துகிறேன். அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன்.

"ஏன் எம்பிஏ?" என்ற கேள்வி கிட்டத்தட்ட எல்லா இன்டர்வியூவிலும் வரும். அதற்கு எல்லோரிடமும் ஒரு பதில் தயாராக இருக்கும். தலைமைப் பண்பு, பெரிய பொறுப்பு, பின்னாளில் சொந்தத் தொழில். கொஞ்ச நேரம் நிதானமாகப் பேசவிட்டால்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். மெக்கானிக்கல் படித்திருப்பான், கேம்பஸுக்கு ஐடி கம்பெனிகள்தான் வந்திருக்கும், அங்கே சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் போட்டிருப்பார்கள். 17 வயதில் வீட்டில் யாரோ எடுத்த முடிவு, 25 வயதிலும் அவனைத் துரத்திக்கொண்டே இருக்கும்.

இதிலிருந்து வெளியே வர எம்பிஏ மட்டும் ஏன் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது? மேற்படிப்புகளில் பெரும்பாலானவை இளங்கலையில் படித்ததை ஒட்டியே இருக்கும். ஆனால் கேட் எழுத ஏதாவது ஒரு பட்டமும் 50 சதவீத மதிப்பெண்ணும் போதும். பி.காம், பி.ஏ. தமிழ், பல் மருத்துவம் என்று எது படித்தவரும் எழுதலாம். வருடத்துக்கு 3 லட்சம் பேர் அளவில் விண்ணப்பிப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். நம்மூரில் பலருக்கு, தானே யோசித்துத் தேர்ந்தெடுக்கும் முதல் படிப்பே எம்பிஏதான். அந்த ஆசையை யாரும் குறைவாக எண்ணக் கூடாது.

அடுத்த காரணம், பெரிய கல்லூரியின் பெயர் தரும் முத்திரை. பொருளாதார அறிஞர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973-இல் ஒரு கருத்தை முன்வைத்தார். வேலை கொடுப்பவருக்கு ஆளின் திறமை நேரடியாகத் தெரியாது. கடினமான ஒரு படிப்பை முடித்தவர் என்பதே அந்தத் திறமைக்கு அடையாளம் ஆகிவிடுகிறது, அங்கே என்ன கற்றார் என்பது இரண்டாம்பட்சம். அவருக்கு 2001-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஐஐஎம்களில் இது கண் முன்னால் நடக்கிறது. ஜூன் வாக்கில் சேர்ந்தவர்களை, கோடைக்காலப் பயிற்சிக்கு என்று பெரிய நிறுவனங்கள் சில மாதங்களிலேயே தேர்ந்தெடுத்துவிடுகின்றன. அதற்குள் ஒரு டேர்ம் பாடம்கூடச் சரியாக உள்ளே இறங்கியிருக்காது. அந்த நிறுவனங்கள் பார்ப்பது பத்தாம் வகுப்பு மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், முன்பு படித்த கல்லூரி, இருந்த வேலை. இன்னொன்றும் உண்டு. 2017-ஆம் வருடச் சட்டம் வரும்வரை ஐஐஎம்கள் கொடுத்தது டிப்ளமோதான், பட்டம் இல்லை. வேலைக்கு எடுத்தவர்கள் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை.

சம்பளத்துக்காகவும் பெயருக்காகவும் படிப்பது தவறே இல்லை. ஆனால் அதுதான் உங்கள் நோக்கம் என்றால், அந்தப் பெயர் இல்லாத கல்லூரியில் அது கிடைக்காது. தமிழ்நாட்டில் ஏராளமான பொறியியல் கல்லூரிகளில் எம்பிஏ துறை இருக்கிறது. அங்கே பல லட்சம் கட்டிவிட்டு, பி.காம் முடித்தவருக்கும் கிடைக்கும் அதே சேல்ஸ் வேலையில் சேர்ந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. பிரசுரத்தில் போட்டிருக்கும் அதிகபட்சச் சம்பளத்தைப் பார்க்காதீர்கள். போன வருடம் முடித்த நாலைந்து பேரைத் தேடிப் பிடித்து, இப்போது என்ன வேலை, கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேளுங்கள்.

பெண்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்கும் காரணம் ஒன்று உண்டு. வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்பதுதான் அது. வேலைக்குப் போகிற பெண்ணிடம் "கல்யாணத்துக்கு அப்புறமும் போகலாமே" என்பார்கள். படிக்கிற பெண்ணிடம் "சரி, படிப்பு முடியட்டும்" என்பார்கள். படிப்புக்கு மட்டும் நம் வீடுகளில் அப்படி ஒரு மரியாதை இருக்கிறது. கேட் தேர்வுக்கு உயிரைக் கொடுத்துப் படிக்கிறவர்களில் இவர்கள் முக்கியமானவர்கள், ஏனென்றால் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த தையில் கல்யாணம். படிப்பு முடிந்ததும் மும்பையிலோ குர்கானிலோ வேலை, தன் பெயரில் கல்விக் கடன், "அதை அடைத்துவிட்டுச் சொல்கிறேன்" என்று இன்னும் கொஞ்சக் காலம். அதற்குள் தன் வாழ்க்கையைப் பற்றிப் பேச அவளுக்கு வீட்டில் ஒரு குரல் வந்துவிடுகிறது. இதைவிட நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை. இன்டர்வியூவில் இதைச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம்.

கடன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். முன்னணி ஐஐஎம்களில் இரண்டு வருடக் கட்டணம் 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட பெரிய கல்லூரிகளில் இடம் கிடைத்தால் வங்கிகள் அடமானம் இல்லாமலே கடன் கொடுக்கும், அதனால் நடுத்தர வீட்டுப் பிள்ளைகளும் சேர முடிகிறது. ஆனால் அந்தத் தவணை நோக்கத்தையே மாற்றிவிடுகிறது. விவசாயப் பொருள்களை வைத்துத் தொழில் தொடங்குவேன் என்று உண்மையான ஆசையோடு வந்தவர்கள், கேம்பஸ் இன்டர்வியூவில் கன்சல்டிங் (நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்லும்) வேலைக்கு வரிசையில் நிற்பார்கள்.

வங்கியிலும் அரசு நிறுவனங்களிலும் இருப்பவர்கள் தொலைதூரக் கல்வியில் எம்பிஏ முடிப்பது பெரும்பாலும் பதவி உயர்வுக்காக. அதில் மறைக்க எதுவும் இல்லை, செலவும் குறைவு.

கடைசியாக, குடும்பத் தொழில் வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள். திருப்பூர், கரூர், சிவகாசி பக்கத்திலிருந்து வருவார்கள். "தொழிலைப் பெரிதாக்க வேண்டும்" என்பார்கள். உள்ளே இருப்பது வேறு. அப்பாவும் பழைய கணக்குப்பிள்ளையும் உட்கார்ந்திருக்கும் அறையில் அவன் எதைச் சொன்னாலும் "உனக்கென்னடா தெரியும்" என்றுதான் பதில் வருகிறது. அந்த அறையில் தன் பேச்சுக்கு மதிப்பு வேண்டும் என்றுதான் படிக்க வருகிறான். வகுப்பில் உண்மையாகவே பாடம் கற்பதும் பெரும்பாலும் இவர்கள்தான். சரக்கு அனுப்பி மூன்று மாதம் கழித்துப் பணம் வருவது, அதுவரை நூலுக்கும் கூலிக்கும் வட்டிக்குப் பணம் புரட்டுவது, எல்லாம் வீட்டிலேயே பார்த்தது. நடைமுறை மூலதனம் (அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம்) பற்றிய பாடம் வரும்போது அவர்கள் கேட்கும் கேள்விகளே தனியாகத் தெரியும்.

இவர்களிடம் மட்டும் நான் இரண்டு வருட முழுநேர எம்பிஏவுக்கு அவசரப்பட வேண்டாம் என்று சொல்வேன். மும்பையில் இருக்கும் எஸ்பிஜேஐஎம்ஆர் என்ற மேலாண்மைக் கல்லூரி போன்ற இடங்களில் குடும்பத் தொழில் நடத்துகிறவர்களுக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. மாதத்தில் சில நாள் வகுப்பு, மற்ற நாட்களில் தொழில். படித்ததை அடுத்த வாரமே தன் மில்லில் போட்டுப் பார்க்கலாம், பலன் தெரிந்தால் அப்பாவும் கூடவே பார்ப்பார்.