எலும்பில் வைக்கும் ஸ்க்ரூ தானாகவே கரையுமா?

"எலும்பு முறிவுக்கு வைக்கும் மெக்னீசிய ஸ்க்ரூ உடம்புக்குள்ளேயே கரையுமாமே, நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நம்பலாம். மாட்டுத்தாவணி பக்கம் பைக்கில் சறுக்கி விழுந்த என் சித்தப்பாவுக்கு வைத்தது டைட்டானியம். அப்புறம் அதைக் கழற்றவே இன்னொரு ஆபரேஷன். அந்த ஆறு ஸ்க்ரூவும் இன்னும் பழைய ஊறுகாய் பாட்டிலில் கிடக்கின்றன. மெக்னீசியம் என்றால் அந்த இரண்டாவது கத்தி மிச்சம்.

ஆனால் மெக்னீசியம் கொஞ்சம் அவசரக்குடுக்கை, சீக்கிரமே கரையப் பார்க்கும். உடம்பின் நீரோடு சேர்ந்து ஹைட்ராக்சைடாக மாறும்போது ஹைட்ரஜன் வாயுவும் வரும். 1907-இல் லாம்போட் என்ற பெல்ஜிய மருத்துவர் மெக்னீசியத் தகட்டை, தங்கமுலாம் பூசிய எஃகு ஆணிகளால் பொருத்தினார். எட்டே நாளில் தகடு சிதைந்து, தோலுக்கடியில் வாயு திரண்டுவிட்டது. உடம்பின் ஈரத்தில் இரண்டு வெவ்வேறு உலோகங்கள் ஒட்டியிருந்தால் அரிப்பு எகிறும், அதுதான் வினை. இப்போது இட்ரியம் போன்ற வேறு உலோகங்களைக் கலந்து வேகத்தை அடக்குகிறார்கள்.

இன்னொரு நன்மை, விறைப்பு குறைவு: எஃகு சுமார் 200 கிகாபாஸ்கல் (விறைப்பை அளக்கும் அலகு), டைட்டானியம் 110, மெக்னீசியம் 45, கெட்டி எலும்பு 20 சொச்சம். பாரத்தையெல்லாம் எஃகே சுமந்தால் எலும்பு சோம்பி மெலிந்துபோகும்.

ஐரோப்பாவில் 2013-இலேயே மெக்னீசிய ஸ்க்ரூவுக்கு அனுமதி கிடைத்தது. கால் பெருவிரல் கோணலைச் சரிசெய்வது போன்ற சின்ன வேலைகளுக்குச் சரி. தொடை எலும்புக்கு இந்தப் பலம் போதாது. எக்ஸ்ரேயில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கறுப்பாகத் தெரிந்தால் பதறாமல் டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் அந்த வாயுதான்.