602–628: ரோமும் பாரசீகமும் மோதிய 26 ஆண்டுகள் – கேள்வி பதில்

கேள்வி: கிழக்கு ரோமும் சாசானியப் பாரசீகமும் மோதிய அந்த நீண்ட போரில் கடைசியில் யார்தான் ஜெயித்தது?

பதில்: கணக்குப்படி ரோம். 627 டிசம்பரில் நினிவே அருகே பேரரசர் ஹெராக்ளியஸ் பாரசீகப் படையை முறியடித்தார். அடுத்த ஆண்டே பாரசீக மன்னர் இரண்டாம் குஸ்ரோவைச் சொந்த மகனே கவிழ்த்தார். பறிபோன சிரியா, பாலஸ்தீனம், எகிப்து மூன்றும் ரோமிடம் திரும்பின. ஆனால் எட்டே ஆண்டில், 636-ல், யர்மூக் ஆற்றங்கரையில் அரபுப் படையிடம் தோற்று, சிரியா மறுபடி கைநழுவியது. என்னைக் கேட்டால், இருவருமே தோற்ற போர் இது.

கேள்வி: அரபுகள் திடீரென்று எங்கிருந்து வந்தார்கள்?

பதில்: திடீரென்று வரவில்லை. பாலைவன எல்லையைக் காக்க இரு பேரரசுகளும் அரபுக் குலங்களைத்தான் நம்பியிருந்தன. ரோமுக்குக் கஸ்ஸானியர், பாரசீகத்துக்கு ஹீரா நகரத்து லக்மியர். 580-களின் தொடக்கத்தில் கஸ்ஸானியத் தலைவர் அல்-முந்திரை ரோம் கைது செய்து நாடு கடத்தியது. 602 வாக்கில் லக்மிய மன்னர் நுஅமானைக் குஸ்ரோ தீர்த்துக்கட்டினார். சில ஆண்டுகளிலேயே தீ கார் என்ற இடத்தில் அரபுக் குலங்கள் பாரசீகப் படையை விரட்டியடித்தன. நபிகள் காலத்தில் அரேபியா ஒன்றுபட்டதன் வலிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த வலிமை வந்து நின்றபோது எல்லையில் வேலியே இல்லை. இருந்த வேலியைப் பிடுங்கியவர்கள் இந்த இருவர்தான்.

கேள்வி: ரோமின் கஜானா எப்படி இருந்தது?

பதில்: 615-ல் அடித்த வெள்ளிக்காசைப் பாருங்கள். ஒரு பக்கம் பேரரசரும் மகனும் அமர்ந்திருப்பார்கள். மறுபக்கம் படிகளின் மேல் ஒரு சிலுவை. அதைச் சுற்றி லத்தீனில் ‘கடவுளே, ரோமருக்கு உதவும்’ என்று பொறித்திருக்கும். காசில் வேண்டுதலைப் பொறிக்கும் அளவுக்கு நெருக்கடி! 618-ல் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளில் காலங்காலமாகக் கொடுத்துவந்த இலவச ரொட்டி நின்றது. பாரசீகத்தின் மீதான 622 படையெடுப்புக்குத் தேவாலயங்களின் வெள்ளியைக் கடன் வாங்கி உருக்கினார்கள்.

கேள்வி: ரோம் தப்பியது, பாரசீகம் ஏன் அடியோடு அழிந்தது?

பதில்: முதல் காரணம் தலைநகரம். கான்ஸ்டான்டிநோபிளுக்கு மூன்று பக்கமும் நீர், நிலப்பக்கம் அடுக்கு மதில். பாரசீகத் தலைநகர் டெசிஃபோனோ சமவெளியில், டைகிரிஸ் கரையில் கிடந்தது. இரண்டாவது, வாரிசுச் சண்டை. 628-க்குப் பிறகு நான்கே ஆண்டுகளில் அரியணை கைமாறிக்கொண்டே இருந்தது. குஸ்ரோவின் மகள்கள் போரானும் ஆசர்மிதுக்தும்கூட ஆண்டார்கள். 632-ல் பட்டமேறிய மூன்றாம் யஸ்தகிர்த் சின்னப் பையன். காதிசிய்யா, நஹாவந்த் என்று அரபுப் படையிடம் அடுத்தடுத்துக் கண்ட தோல்விகள் அவர் தலையில்தான் விடிந்தன. ஊர் ஊராக ஓடி, 651-ல் மெர்வ் அருகே கொல்லப்பட்டார்.