பாய் விரிக்கறதை விட கயிறு கட்டறதுதான் வேலை – வாசகர் கடிதம்

அண்ணே வணக்கம்,

சிலி நாட்டு படகோனியா கால்வாய்கள்ல நீங்க சின்ன யாட்ல போனதப் பத்தி எழுதினதைப் படிச்சேன். கொஞ்சம் ஏமாற்றம்தான், சொல்லிடறேன். பாதி நேரம் எஞ்சின்ல போறீங்க, மீதி நேரம் ஏதோ ஒரு மூலையில படகைக் கட்டிப்போட்டு சூப் குடிக்கறீங்க. எங்க தாத்தா காலத்துல தோணியில பாய் விரிச்சு கொழும்புக்கு சரக்கு கொண்டுபோவாங்க, அதுல்லா பயணம்! அவ்ளோ காத்து அடிக்குதுன்னா வெளிக்கடல்ல போக வேண்டியதுதானே? அப்புறம் தனியா பாய்ப்படகுல உலகத்தைச் சுத்தின ஜோஷுவா ஸ்லோகம் டெக்ல, அதாவது படகோட மேல்தளத்துல, ஆணி தூவினாராமே, அது நெஜமா? எனக்கும் ஒரு நாள் அங்க போகணும்னு ஆசை. என்ன கத்துக்கணும்?

எஸ்., தூத்துக்குடி

தம்பி எஸ்.,

சூப் குடிச்சது உண்மைதான், மறைக்க என்ன இருக்கு.

வெளிக்கடல் கேள்விக்கு முதல்ல வரேன். புவேர்ட்டோ மான்ட்ல இருந்து கீழ புவேர்ட்டோ வில்லியம்ஸ் வரைக்கும் ஆயிரம் கடல் மைலுக்கு மேல, மேப்ல பாத்தா கரை சுக்குநூறா உடைஞ்சு தீவுகளா கிடக்கும். அந்த தீவுகளுக்கு வெளிய பசிபிக். அங்க முக்கால்வாசி நாள் மேல்காத்துதான், அதாவது காத்து உங்களை கரையைப் பாத்துத் தள்ளும், அந்தக் கரையில மணல் கிடையாது, வெறும் பாறை. எஞ்சின் நின்னாலோ பாய் கிழிஞ்சாலோ ஒதுங்க இடமே இல்ல. உங்க தாத்தாவே ஆனாலும் அந்தக் காத்துல தோணியை உள்பக்கமாத்தான் விட்டிருப்பார்.

உள்வழியும் முழுசா கிடையாது. 47 டிகிரி தெற்குல கோல்ஃபோ டி பெனாஸ்னு ஒரு வளைகுடா, அங்க வந்தா வெளிய போயே ஆகணும், வேற வழி இல்ல. 1741ல வேஜர்ங்கற பிரிட்டிஷ் போர்க்கப்பல் உடைஞ்சது அந்தப் பக்கத்துலதான். இந்த வளைகுடாவைத் தவிர்க்கறதுக்காகவே சிலி அரசாங்கம் ஓஃப்கிங்கற குறுகலான நிலப்பகுதியில கால்வாய் வெட்ட ஆரம்பிச்சு 1943ல பாதியில விட்டுட்டாங்க. அதனால இன்னைக்கும் எல்லா யாட்டும் வடக்கு ஓரத்துல ஒரு மூலையில காத்தழுத்தம் காட்டற பாரோமீட்டரைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கும், நல்ல நாள் வந்ததும் ஒரே ஓட்டமா தாண்டிடணும்.

இப்ப கட்டிப்போடற விஷயம். உண்மையில அந்த ஊர் வித்தையே இதுதான், நீங்க இதைப் போய் சோம்பேறித்தனம்னு நினைச்சுட்டீங்க. அங்க காத்து நேரா மட்டும் வராது, மலை உச்சியில குளிர்ந்து கனமான காத்து திடீர்னு சரிவுல விழும், வில்லிவான்னு பேரு. தண்ணியை அப்படியே சுரண்டி வெள்ளைப் புகை மாதிரி தூக்கிட்டு வரும், முன்னாடி நிமிஷம் வரைக்கும் ஒண்ணுமே இருக்காது. நங்கூரம் மட்டும் போட்டு படுத்தா ராத்திரி படகு சுத்திச் சுத்தி அதை இழுத்துட்டுப் போயிடும், ஏன்னா அடியில பெரும்பாலும் பாறை, இல்லன்னா கெல்ப்ங்கற ராட்சச கடல்பாசி.

அதனால என்ன பண்றாங்கன்னா, கலேட்டான்னு சொல்ற குட்டிக் குடாவுக்குள்ள நுழைஞ்சு நங்கூரத்தைப் போட்டுட்டு, படகை ரிவர்ஸ்ல மரத்தடி வரைக்கும் கொண்டுபோறது. ஒருத்தர் டிங்கிங்கற குட்டிப் படகுல துடுப்பு போட்டு கரைக்கு ஓடணும், கையில தண்ணியில மிதக்கற கயிறு, நூறு மீட்டர் சுருள். வழுக்கற பாறையில ஏறி, மழைக்கோட்டு பூரா சகதியோட, ஒரு நல்ல கோய்க்வே மரத்தைப் பாத்து சுத்தி முடிச்சு போட்டுட்டு வரணும், பின்பக்கம் ரெண்டு கயிறு, வானிலை மோசம்னா முன்பக்கமும் ரெண்டு. இதுக்குள்ள படகு ஒரு பக்கமா சாய்ஞ்சு பாறையைத் தொடப் பாக்கும், ஸ்டியரிங்ல இருக்கறவர் கத்துவார், காத்துல ஒரு வார்த்தை கேக்காது. எங்க கேப்டன் உள்ள நுழையறதுக்கு முன்னாடி மரத்தைத்தான் பாப்பார். மரம் எல்லாம் ஒரே பக்கம் சீவி விட்டாப்ல வளைஞ்சிருந்தா அந்த இடமே வேணாம், நிமிந்து அடர்த்தியா இருந்தா உள்ள போ. சார்ட்டை, அதாவது கடல் மேப்பை விட அந்த மரத்தை நம்பலாம்னு தோணும், ஏன்னா சில பழைய சார்ட்டுல ஜிபிஎஸ் படி பாத்தா நாம மலை மேல நின்னுட்டிருப்போம்.

காலையில நங்கூரத்தை ஏத்தினா ஒரு வண்டி கெல்ப் சேந்து வரும். குச்சியில கட்டின அரிவாளால குனிஞ்சு அறுத்துத் தள்ளணும், கை மரத்துப்போயிடும். அது முடிஞ்சாதான் கிளம்பவே முடியும். இவ்ளோ பண்ணிட்டு சூப் குடிச்சா என்ன தப்புங்கறேன்!

கிளம்பறதும் நம்ம இஷ்டம் இல்ல. சிலி கடற்படை கிட்ட ஸார்ப்பேன்னு ஒரு பயண அனுமதி வாங்கணும், எங்க இருக்கோம்னு தினமும் தகவல் சொல்லணும். வானிலை மோசம்னா துறைமுகத்தை மூடிடுவாங்க, அப்புறம் கெஞ்சினாலும் விடமாட்டாங்க. எனக்கு இது எரிச்சலா இல்ல, பயத்துக்கு நல்ல மருந்தாத்தான் இருந்துச்சு.

ஆணிக் கதை நெஜம்தான், ஸ்லோகம் அவரே எழுதியிருக்கார். 1896ல மெகல்லன் நீரிணையை விட்டு வெளிய வந்தவரை புயல் தெற்க தள்ளி, பாறை மேல அலை உடையற ஒரு இடத்துல ராத்திரி சிக்கவச்சு, எப்படியோ மறுபடி உள்ள வந்தார். யாராவது படகுல ஏறினா தெரியணும்னு அசந்து தூங்கறதுக்கு முன்னாடி டெக்ல ஆணியைத் தூவிட்டார், ராத்திரி வெறுங்காலோட ஏறின அந்தப் பக்கத்துப் பூர்வகுடி ஆளுங்க அலறிட்டு குதிச்சாங்கன்னு கதை. எல்லாரும் இதை ஜோக்காத்தான் சொல்றாங்க, எனக்கு முழுசா சிரிப்பு வரல. அந்தத் தண்ணி கவேஸ்கர், யாகன்ங்கற பூர்வகுடி ஜனங்களோடது. மரப்பட்டைப் படகுக்குள்ளயே நெருப்பை அணையாம வச்சுக்கிட்டு, குழந்தைகுட்டியோட இதே குடாக்கள்ல தங்கினவங்க. சீல் வேட்டைக்காரங்க, பண்ணைக்காரங்க, வியாதி எல்லாம் சேந்து அவங்களை என்ன பண்ணுச்சுங்கறதை விட்டுட்டு ஆணியை மட்டும் சொன்னா கதை பாதிதான். கவேஸ்கர் கொஞ்சப் பேர் இன்னும் புவேர்ட்டோ ஈடன்ல இருக்காங்க, ரோடே இல்லாத ஊர், தெருன்னு சொன்னா மரப்பலகை நடைபாதைதான்.

கத்துக்கறதுக்கு: பாய் இழுக்கறது ரெண்டாவது. முதல்ல சின்ன டிங்கியில எதிர்க்காத்துல துடுப்பு போடப் பழகுங்க, போலைன் முடிச்சு கண்ண மூடிக்கிட்டு ஒரு கையால வரணும். சொந்தப் படகு வேணாம், அர்ஜென்டினாவோட உஷுவாயாவுல இருந்து சார்ட்டர் யாட்டுக, அதாவது காசு கொடுத்தா ஏத்திக்கற படகுக கிளம்புது, ஆளோட ஆளா போகலாம். கையுறை இங்கிருந்து வாங்கிட்டுப் போகாதீங்க, அங்க நண்டு பிடிக்கறவங்க போடற ரப்பர் கையுறை சிலியோட தென்கோடி ஊரு புன்டா அரினாஸ்லயே கிடைக்கும், ஒரு சைஸ் பெருசா எடுங்க, உள்ள கம்பளி போடணும்.