சுற்றுலாவில் நெருக்கடி மேலாண்மை: மகளை நினைத்துப் பயப்படும் ஒரு தந்தைக்கு

ஐயா,

"கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் என் மகள் கதி என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். 2019இல் சுமார் 146 கோடியாக இருந்த பன்னாட்டுச் சுற்றுலாப் பயணிகளின் வருகை 2020இல் 40 கோடி அளவுக்குச் சரிந்தது. மறுபடி 140 கோடியை எட்ட 2024 வரை ஆனது.

ஆனால் உங்கள் மகள் படிக்க ஆசைப்படுவது நெருக்கடி மேலாண்மை. அதாவது, நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்களோ அதைச் சமாளிப்பதுதான் அவள் வேலை. மீட்புப் படகு, ஹெலிகாப்டர் என்று கற்பனை செய்ய வேண்டாம், பெரும்பாலும் மேசை வேலை. எந்த அறையில் யார், எந்த வண்டியில் எத்தனை பேர் என்ற பட்டியல் மின்சாரம் போனாலும் கையில் இருக்க வேண்டும். குடும்பத்தாருக்கு யார் தகவல் சொல்வது, முன்பணத்தை எப்படித் திருப்புவது, காப்பீடு எதற்கெல்லாம் கிடைக்காது என்பதை அமைதியான நாட்களிலேயே எழுதி, ஒத்திகையும் பார்த்துவிட வேண்டும். கொஞ்சம் சலிப்பான வேலைதான்.

மூளைக்கு வேலை வருவது மீட்சிக் கட்டத்தில். 2015 நேபாள நிலநடுக்கத்தில் லாங்டாங் கிராமமே புதைந்தது. மலையேற்றப் பயணிகள் போகும் இன்னொரு பகுதியான அன்னபூர்ணா பக்கம் பாதிப்பு குறைவு. ஆனால் வெளியூர்க்காரர் கண்ணுக்கு நாடு முழுக்க இடிந்த மாதிரிதான். எந்தப் பாதை திறந்திருக்கிறது என்று ஆதாரத்தோடு காட்டினால்தான் நம்புவார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஹோட்டல்கள் தயாரான பின்னும், இறந்தவர்களின் ஆவி உலவுகிறது என்ற பயத்தில் ஆசியப் பயணிகள் பலர் தயங்கினார்கள். இதற்கு எந்தப் பொறியாளர் சான்றிதழ் கொடுப்பார்?

சரி, படிப்புக்கு வருவோம். இளநிலையிலேயே இதை மட்டும் எடுக்க வேண்டாம். முதலில் சுற்றுலா அல்லது ஹோட்டல் நிர்வாகம். அப்புறம் இரண்டு மூன்று வருடம் வரவேற்பு மேசையில், இரவுப் பணி உட்பட. கோபமான விருந்தினரை நேரில் பார்க்காதவர் எழுதும் திட்டம் அலமாரியில்தான் தூங்கும். அதன்பின் பேரிடர் மேலாண்மையில் முதுநிலை படிக்கலாம். நெருக்கடி மேலாண்மை என்ற பெயரிலேயே வரும் வேலை விளம்பரங்கள் குறைவு. பாதுகாப்பு, இடர் மேலாண்மை, மக்கள் தொடர்பு என்ற தலைப்புகளில் தேடச் சொல்லுங்கள். சுற்றுலா படுத்தாலும் விமான நிலையம், காப்பீடு, மருத்துவமனை என்று நகர வழியுண்டு.

அதற்கு முன் அவளிடம் ஒரு கேள்வி கொடுங்கள். 40 பேர் கொண்ட சுற்றுலாக் குழு, நள்ளிரவில் நிலநடுக்கம், போன் வேலை செய்யவில்லை. முதல் ஒரு மணி நேரத்தில் என்ன செய்வாள்? ஒரு பக்கம் எழுதி எனக்கு அனுப்பட்டும்.