உறவுக்காரரிடம் கொடுத்த காசைத் திருப்பிக் கேட்பது எப்படி? – கேள்வி பதில்

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கம் 18 ஆண்டுகள் புடவைக்கடை நடத்தியவன் என்பதாலும், அதன் பின்னர் சில காலம் மத்தியஸ்த சபையில் இருந்து இப்படியான வழக்குகளைக் கேட்டவன் என்பதாலும், உங்கள் கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஆரையம்பதி): மகளின் சாமத்திய வீட்டுக்கு, வீட்டிலேயே கேக் செய்து விற்கும் என் மனைவியின் அக்காவிடம் 18,000 ரூபா முழுவதையும் முற்கூட்டியே கொடுத்து மூன்று தட்டுக் கேக் ஒன்றுக்கு ஓடர் கொடுத்தேன். மேல்தட்டு சரிந்து, ஐசிங் உருகி, மேசைக்கு வைக்கவே முடியாத நிலையில் வந்தது. மச்சாள் எங்கள் வளவுக்குள் அடுத்த வீட்டில்தான் இருக்கிறார். மாமியைக் கொண்டு கேட்பிக்கலாமா?

பதில்: வேண்டாம். பெண்பிள்ளைகளுக்கு வீடும் வளவும் கொடுத்து அருகருகே குடியமர்த்துவது நம் பக்கத்து வழக்கம் என்பதால், நீங்கள் மாமியிடம் சொல்லும் சொல் அன்று மாலைக்குள் வளவு முழுவதும் நடந்துவிடும்; அதோடு, தான் பெற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்லும் பாரத்தை அந்த அம்மாவின் தலையில் ஏற்றியவர் ஆவீர்கள். காசை வாங்கியவர் எவரோ அவரிடமே கேட்க வேண்டும். நீங்களும் மனைவியும், வேலியடியில் நின்று அல்லாமல், அவருடைய வீட்டுக்குள் போய் உட்கார்ந்து, அன்று எடுத்த படத்தைக் காட்டி, "மச்சாள், கீழ் இரண்டு தட்டும் நல்லாயிருந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள், மேல்தட்டுக்குரிய 5,000 ரூபாவை மட்டும் தாருங்கள்" என்று தொகையைச் சொல்லிக் கேளுங்கள். "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்பது மரியாதையாகத் தோன்றினாலும், கேட்பவர் எவ்வளவு கொடுத்தாலும் குறையாகவே முடியும் பேச்சு அது.

"வெளியாருக்கு 24,000 வாங்குவேன், உங்களுக்காகத்தான் குறைத்தேன்" என்று அவர் சொல்லக்கூடும். குறைத்தது அவருடைய அன்பு. அதற்கு நன்றி சொல்லுங்கள். ஆனால் கணக்குப் பார்க்கும்போது நீங்கள் கொடுத்த 18,000தான் விலையே தவிர, கொடுக்காத 24,000 அல்ல.

என் கடையிலும் ஒருமுறை நடந்தது. நெருங்கிய உறவுக்காரி ஒருவர் வாங்கிய சேலையில் சாயம் இறங்கிவிட்டது. கோயில் திருவிழாவில் சந்தித்த அத்தனை பேரிடமும் அதைச் சொல்லி முடித்த பிறகே செய்தி என் காதுக்கு வந்தது. 3,200 ரூபாதான், என்னிடம் முதலில் வந்திருந்தால் அன்றே எண்ணிக் கொடுத்திருப்பேன். காசு போனதை மறந்துவிட்டேன், மற்றதை இன்னும் மறக்கவில்லை.

கேள்வி (மருதமுனை): சாச்சியின் மகள் வாட்ஸ்அப்பில் படம் காட்டி விற்ற கைத்தறிச் சாரியின் கரை, நேரில் பார்க்கும்போது வேறு நிறமாக இருந்தது. பெருநாளைக்கு வேறு சாரி இல்லாததால் உடுத்துவிட்டேன். இப்போது திருப்பிக் கொடுக்கலாமா?

பதில்: உடுத்த சாரியைத் திருப்பிக் கொடுக்க முடியாது. சொன்ன விபரத்துக்கும் காட்டிய மாதிரிக்கும் பொருள் ஒத்திருக்க வேண்டும் என்று 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் சொல்வது உண்மை. ஆனால் பொருளை உங்களுடையதாக்கிப் பயன்படுத்திய பின் அதை வேண்டாம் என்று தள்ளும் உரிமை போய்விடும். விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி (அக்கரைப்பற்று): மச்சானின் தச்சுப்பட்டறையில் தேக்கு அலுமாரி என்று 85,000 ரூபாவுக்குச் செய்வித்தேன். நான்கு மாதம் கழித்து வேறொரு தச்சர் பார்த்து, இது முழுத் தேக்கு அல்ல என்கிறார். பற்றுச்சீட்டும் இல்லை.

பதில்: முதலில் எந்தப் பகுதி தேக்கு அல்ல என்று பாருங்கள். பின்பக்கத்துக்குப் பிளைவூட் பலகை அடிப்பது பல பட்டறைகளில் உள்ள வழக்கம்; அதை வைத்து மச்சானைக் கள்ளன் ஆக்கிவிடாதீர்கள். கதவுச் சட்டமும் கால்களுமே வேறு மரம் என்றால்தான் விலை வித்தியாசத்தைக் கேட்கும் நியாயம் வலுவாகிறது.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு (தொலைபேசி 1977) எழுத்தில் முறையிடுவதற்கு, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கியதிலிருந்து 3 மாதமே அவகாசம் உண்டு. அது உங்களுக்குக் கடந்துவிட்டது. எஞ்சியிருப்பது உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபை. அங்கே சட்டத்தரணிகள் வாதாட முடியாது; நீங்கள் இருவரும் மத்தியஸ்தர்களுக்கு முன் உட்கார்ந்து பேசுவீர்கள்; இணக்கம் வராவிட்டால் வரவில்லை என்று சான்றிதழ் தருவார்கள். ஆயினும் சபையின் அழைப்புக் கடிதம் மச்சானின் கைக்குப் போவதற்கு முன்னர், நீங்கள் ஒருமுறை நேரில் போயிருக்க வேண்டும். கடிதத்தை முதலில் கண்ட உறவுக்காரர், சபைக்கு வரும்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பற்றுச்சீட்டைப் பொறுத்தவரை, கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கேட்க வெட்கம் என்றால், "85,000 தந்தேன், தேக்கு அலுமாரிக்கு" என்று அன்றே ஒரு குறுஞ்செய்தி அனுப்பி, அவரிடமிருந்து ஒரு "ஓம்" வாங்கி வைத்திருக்கலாம்.

கேள்வி (பெரியகல்லாறு): நான் விற்கும் பக்கத்தில் இருப்பவள். சித்தப்பா மகளின் கல்யாணச் சோடனைக்கு 30,000 ரூபா முற்பணம் வாங்கினேன். மாப்பிள்ளையின் தகப்பன் இறந்ததால் கல்யாணம் தள்ளிப்போய்விட்டது. 11,000 ரூபாவுக்குத் துணியும் பூவும் வாங்கிவிட்டேன். முழுவதையும் திருப்பிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: செலவான பூவின் காசைக் கழிக்கலாம், துணி மறு சோடனைக்கு உதவும் என்பதால் அதைக் கழிப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. கடைப் பில்லைக் காட்டி மிகுதியைக் கொடுங்கள், அல்லது புதிய திகதிக்கு அப்படியே வைத்துக்கொள்வதா என்று கேளுங்கள். இழவுத் துடக்கு நாட்களில் இந்தப் பேச்சை எடுக்காமல், 31ஆம் நாள் கழிந்த பிறகு போங்கள். அவர்களே முந்திக் கேட்டால் மட்டும் உடனே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (காரைதீவு): பெரியம்மாவின் மகள் தைத்துக் கெடுத்த சட்டைகளுக்கான காசைத் தந்துவிட்டார். ஆனால் இப்போது என்னோடு கதைப்பதில்லை.

பதில்: ஒரு மாதம் விடுங்கள். பிறகு தலையணை உறை போலத் தைப்பதற்குச் சுலபமான ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுங்கள். கூலியில் கழிவு தந்தால் வாங்காதீர்கள்.