மாத்திரைதானே என்று நினைக்க வேண்டாம்: பரவிய மார்பகப் புற்றுநோய் கேள்வி பதில்

ஹார்மோன் பாசிட்டிவ் (ஹார்மோன் தூண்டி வளரும்), ஹெர்2 நெகட்டிவ் (ஹெர்2 என்ற புரதம் மிகுதியாக இல்லாத) வகை மார்பகப் புற்றுநோய் பரவிய பிறகு தரப்படும் இலக்கு மருந்துகள் பற்றி வந்த கேள்விகள் இவை. புற்றுநோய்ப் பிரிவில் மருந்தாளுநராக இருக்கிறேன், தெரிந்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு எலும்பில் பரவியிருக்கிறது. கீமோ வேண்டாம், லெட்ரோசோலும் பால்போசிக்ளிபும் போதும் என்கிறார் டாக்டர். கைவிட்டுவிட்டாரோ என்று பயமாக இருக்கிறது அக்கா.

இல்லவே இல்லை. இந்த வகைக்கு முதலில் தர வேண்டிய சிகிச்சையே இதுதான். ஈஸ்ட்ரோஜன் தூண்டும்போது புற்றுசெல் பெருகுவதற்கு சிடிகே 4, சிடிகே 6 என்ற இரண்டு புரதங்கள் வேண்டும். லெட்ரோசோல் ஈஸ்ட்ரோஜனைக் குறைக்கிறது. பால்போசிக்ளிப் அந்தப் புரதங்களைக் கட்டிப்போடுகிறது. பெரிய ஆய்வு ஒன்றில் லெட்ரோசோல் மட்டும் எடுத்தவர்களில் பாதிப்பேருக்கு நோய் 14.5 மாதமாவது அடங்கியிருந்தது. இரண்டும் சேர்ந்தபோது அது 24.8 மாதம். கல்லீரல், நுரையீரல் போன்ற உறுப்பு வேகமாகச் செயலிழக்கிறது என்றால்தான் கீமோ பற்றிப் பேச்சு வரும்.

நியூட்ரோஃபில் (தொற்றை எதிர்க்கும் வெள்ளை அணு) இரண்டாவது முறையாக 800-க்கு இறங்கிவிட்டது. பால்போசிக்ளிபை நிறுத்தி, பிறகு 125-லிருந்து 100 மில்லிகிராமாகக் குறைத்தார்கள். இனி மருந்து வேலை செய்யுமா?

செய்யும். என்னிடம் அதிகம் பேர் கலங்கிப்போய்க் கேட்பது இதைத்தான். கீமோ எலும்பு மஜ்ஜை செல்களைக் கொல்கிறது; இந்த மருந்து அவற்றைப் பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். மருந்தை நிறுத்தினால் எண்ணிக்கை சீக்கிரமே ஏறிவிடும். 21 நாள் மாத்திரை, 7 நாள் ஓய்வு என்று வைத்ததே அதற்காகத்தான். அளவைக் குறைத்தவர்களுக்கும் பலன் குறையவில்லை என்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறோம். ஒரு அம்மா காலண்டரில் அந்த ஏழு நாளையும் பச்சை மையால் வட்டமிட்டு வைத்திருப்பார். "இது என் ரத்தம் ஊறுற வாரம்" என்பார். அவர் சொன்னதை விடச் சரியாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் இந்த அணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் காத்திருக்காதீர்கள். இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.

அபிமாசிக்ளிப் ஆரம்பித்த முதல் வாரமே வயிற்றுப்போக்கு. பொறுத்துக்கொள்ளலாமா?

பொறுக்க வேண்டாம். இதுவும் பால்போசிக்ளிப் வகை மருந்துதான். மலம் முதல் தடவை இளகியதுமே வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபெரமைடு எடுக்க வேண்டும். அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். இந்த மாத்திரைக்கு ஓய்வு வாரம் கிடையாது, தினமும் இரண்டு வேளை. அதனால் சரியாகவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லி அளவை மாற்றிக்கொள்ளுங்கள்.

ரைபோசிக்ளிபுக்கு ஏன் இசிஜி?

அதுவும் இதே வகை மருந்துதான், ஆனால் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தில் க்யூடி என்ற இடைவெளியை அது நீட்டக்கூடும். வேறு எந்த மாத்திரை சாப்பிட்டாலும், மூலிகை உட்பட, டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். கிரேப்ஃப்ரூட் வேண்டாம்.

எனக்கு 38 வயது, மாதவிடாய் நிற்கவில்லை. எனக்கும் இதே மருந்தா?

இதேதான். கூடவே சூலகத்தை அடக்க கோசெரெலின் போன்ற ஊசியும் போடுவார்கள்.

இது கேட்காமல் போனால் அப்புறம் என்ன?

அப்போது நோயின் மரபணுவைப் பார்க்க வேண்டும். ஏறக்குறைய பத்தில் நாலு பேருக்கு பிக்3சிஏ என்ற மரபணுவில் மாற்றம் இருக்கும். அதற்கு அல்பெலிசிப் இருக்கிறது, ஆனால் சர்க்கரையை நன்றாக ஏற்றிவிடும். இஎஸ்ஆர்1 என்ற மரபணுவில் மாற்றம் இருந்தால் எலாசெஸ்ட்ரான்ட் மாத்திரை, 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இஎஸ்ஆர்1 மாற்றம் பெரும்பாலும் லெட்ரோசோல் போன்ற மருந்துகளை எடுத்துவரும்போதுதான் உருவாகிறது. அதனால் பழைய பயாப்ஸியில் தெரியாது. "ரத்தத்தில் இப்போது எடுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று நீங்களே கேளுங்கள்.