புத்தர் சிலை: முதலில் கையைப் பாருங்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருந்தவன் நான். நேபாளத்துப் பாட்டன் நகரில் நேவார் சிற்பிகள் செப்புச் சிலை வார்ப்பதை ஒருமுறை பார்த்ததிலிருந்து இந்தப் புத்தர் சிலைக் கிறுக்கு. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

ஏற்காட்டில் தொப்பைப் புத்தர் வாங்கினேன் அண்ணா. வயிற்றைத் தடவினால் பணம் வருமாமே?

அவர் கௌதம புத்தரே இல்லை. பத்தாம் நூற்றாண்டில் துணிமூட்டையோடு திரிந்த புதாய் என்ற சீனத் துறவி. இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் வடிவம் என்று சீனர்கள் கும்பிடுகிறார்கள். பணம் கடைக்காரருக்கு வந்துவிட்டது.

வீட்டில் இரண்டு புத்தர் இருக்கிறது, கை மட்டும் வேறு. ஏன்? (அம்மாபேட்டை)

கைதான் கதையே. மடியில் இரு கையும் மல்லாந்து, இடக்கை மேல் வலக்கை இருந்தால் தியானம். வலக்கை முழங்கால் தாண்டி இறங்கி விரல் நிலத்தைத் தொட்டால், அது ஞானம் பெற்ற இரவு: 'இந்த இடத்தில் உட்கார உனக்கு யார் சாட்சி?' என்று, தவத்தைக் கலைக்க வந்த மாரன் மிரட்ட, பூமியையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். உள்ளங்கை நம்மைப் பார்த்து நிமிர்ந்திருந்தால் 'பயப்படாதே'. நம் நடராசர் கையிலும் அதே அபயம்தான்.

பெரியேரி தலைவெட்டி முனியப்பனைப் புத்தர் என்று எதை வைத்துச் சொன்னார்கள் ஐயா? என் பாட்டி பொங்கல் வைத்த சாமி.

உங்கள் வருத்தம் புரிகிறது. தொல்லியல் துறை ஆய்வறிக்கையை வைத்து 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலை என்றது. தாமரைப் பீடம், ஒரு காலை மட்டும் மேலே மடித்த அர்த்த பத்மாசனம், தியானக் கை, சுருள்முடி, உச்சியில் உஷ்ணீஷம் என்கிற முடிச்சு, தொங்கும் காது. இத்தனையும் ஒன்றுசேர்ந்தால் வேறு பெயர் சொல்வது கஷ்டம். நெற்றியில் இருக்க வேண்டிய ஊர்ணா என்ற பொட்டு மட்டும் இல்லை. தலை துண்டாகி, பிற்பாடு சிமென்ட் கலவையில் ஒட்டப்பட்டிருக்கிறது. ஊர் வைத்த பெயரே அதைச் சொல்கிறதே! என்னைக் கேட்டால், உங்கள் பாட்டி மாதிரி ஆட்கள் கும்பிட்டதால்தான் அந்தக் கல் படிக்கல்லாகாமல் தப்பித்தது.

ஆத்தூர் பக்கம் வேறு உண்டா?

தியாகனூரில் இரண்டு பெரிய கல் புத்தர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விட்டு வாருங்கள்.

ஒரு காலைத் தொங்கப் போட்ட பச்சைப் பெண் தெய்வம் யார்? (ஏற்காடு)

பச்சைத் தாரா, பௌத்தர்கள் கும்பிடும் தெய்வம். இடக்கால் மடக்கி, வலக்கால் சிறு தாமரை மேல் ஊன்றியிருக்கும். கூப்பிட்டால் அந்த நொடியே எழுந்து வரத் தயார் என்று அர்த்தம். எனக்குப் பிடித்த சிலை இதுதான்.

சுவாமிமலை வேலைக்கும் நேபாள வேலைக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் மெழுகு வார்ப்பு. மெழுகில் உருவம் பிடித்து, மண் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவது. சுவாமிமலையில் பெரும்பாலும் கன வார்ப்பு, உள்ளே திடமாக இருக்கும். நேவார் வேலை பொள்ளல், உள்ளே கூடு. அப்புறம் முலாம்: தங்கத்தைப் பாதரசத்தில் கரைத்துப் பூசி நெருப்பில் காட்டுவார்கள், பாதரசம் ஆவியாகித் தங்கம் பிடித்துக்கொள்ளும். அந்தப் புகை நஞ்சு. எங்கள் தொழிலில் நெருப்போடு பழகியவனுக்கே அதைப் பார்க்க நெஞ்சு படபடத்தது.

சிலையின் அடியில் செப்புத் தகடு அடைத்திருக்கிறது. திறக்கலாமா?

வேண்டாம். கூட்டுக்குள் மந்திரம் எழுதிய சுருள், தானியம், வாசனைப் பொருள் வைத்து, குறுக்கு வஜ்ரம் (குறுக்காக வைத்த இரண்டு வஜ்ராயுதம்) பொறித்த தகட்டால் மூடுவது திபெத்திய வழக்கம். திபெத்தியர்களுக்கு அதுதான் சிலையின் உயிர். அடி திறந்தே இருந்தால் குறை ஒன்றுமில்லை, சடங்கு நடக்கவில்லை, அவ்வளவுதான்.

சிலைக்குக் கண் திறப்பது பௌத்தர்களிடமும் உண்டா?

உண்டு. இலங்கையில் சிற்பி சிலைக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியில் பார்த்தபடியே விழியைத் தீட்டுவார். முதல் பார்வையை நேருக்கு நேர் வாங்கக் கூடாதாம்.